வெளிமுகம்: கட்டாயம் நிரப்புக

மூன்று மாநிலமும் உட்கார்ந்து பேசி
சொற்பட்டியல் வந்துவிட்டது, பதினோரு பக்கம்.
இனிமேல் வாசல் என்று எழுதக் கூடாது, வாயில்.
இத்தனை நாள் நாங்கள் கேட்டு எழுதிய
ஆனைவாசல், பெரியவாசல், தெலுங்கர் சொன்ன வாகிலி
எல்லாம் ஒரே எண்ணுக்குள் அடங்க வேண்டும்.
மூன்றாம் எண், வளைந்த நுழைவு:
ஓடிவரும் யானை முட்ட இடமில்லாமல்
வழியை ஒடித்துக் கட்டியது.

குப்பம் தாண்டி, கிரானைட் லாரிகள் திரும்பும் இடத்தில்
வாயில் மட்டும் நிற்கிறது.
மதிலைக் காணோம். அகழியில் தக்காளி.
காற்று இரு பக்கமும் ஒரே மாதிரி அடிக்கிறது.
அளவுநாடாவின் மறுமுனையைக் கல்லால் அழுத்திவிட்டு
நிரப்பிக்கொண்டே போனேன்.
ஞாயில், இல்லை. கதவு, இல்லை.
கதவு சுழன்ற குழி, உண்டு;
அதில் மழைத்தண்ணீர், ஒரு தேரை.
தேரைக்கு எண் இல்லை.
பக்கத்தில் ஆள் நுழையும் திட்டிவாசல்,
மன்னிக்கவும், துணைவாயில்.
அகலம் அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.

வெளிமுகம் எந்தத் திசை?
இந்தக் கட்டம் நிரம்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.
திசைகாட்டியும் கையுமாக
மூன்று முறை சுற்றினேன், சந்நிதியைச் சுற்றுவதுபோல.
கணையமரம் செருகிய துளை இருந்தால் தெரிந்துவிடும்;
உள்ளே இருப்பவன்தானே தாழ்போடுவான்.
துளை இருந்த கல்லை யாரோ
மாட்டுத்தொட்டிக்குப் பெயர்த்துப் போயிருந்தார்கள்.

பாலிஷ் ஃபேக்டரி இரண்டாம் ஷிப்டுக்குப் போகிற முனிலட்சுமி
நின்று பார்த்தாள்.
"லோப்பல எது, பயிட்ட எதுன்னு தெரியலியா?"
டிபன் கேரியரைக் கை மாற்றிக்கொண்டாள்.
"பொழுது சாஞ்சா யாரை நிக்க வச்சாங்களோ
அந்தப் பக்கம் பயிட்ட."
தன் தெருவைக் காட்டினாள்,
கிழக்கே, ஓட்டுக்கூரை நாற்பது இருக்கும்.
மதில் மண்ணாய்ப் போன பிறகும்
ரேஷன் கார்டில் கோட்டை வெளித்தெருதானாம்.

கிழக்கு என்று அடித்தேன். பக்கம் திறந்தது.
ஆதாரம்: கல்வெட்டு, வரைபடம், அகழாய்வு, பிற.
பிறவுக்கு இருபது எழுத்துதான் இடம்.
அவள் பெயரை முன்னெழுத்தோடு போட்டேன், கொள்ளவில்லை.
முன்னெழுத்தை எடுத்தேன்.

அவளுக்கு நேரமாகிவிட்டது.
திட்டிவாசல் வழியாகத்தான் குறுக்குவழி.
குனிந்து நுழையவென்றே கட்டியது அது;
மேற்கல் எப்போதோ விழுந்துவிட்டது.
கேரியர் ஆட, நிமிர்ந்தபடி போனாள்.

சேத விவரம்: மேற்கல் இல்லை.
சீரமைக்க வேண்டுமா என்று கேட்டது.
வேண்டாம்.