சேதக் குறிப்பு

அல் கூஸ், மூன்றாம் தொழிற்பேட்டை.
முன்பு டயர் அடுக்கிய கிடங்கு.
வெளியே நாற்பத்தாறு, உள்ளே இருபத்தொன்று.
எங்களுக்காக இல்லை.
காகிதத்துக்கு வியர்க்கக் கூடாதாம்.

வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு
நானும் ரோடெலும் பெட்டிகளைத் திறக்கிறோம்.
பச்சைப்பிள்ளையை ஏந்துவதுபோல் ஏந்துகிறோம்,
எவனோ பசைவாளியோடு ஓடி
பாலத்தடியில் அறைந்துவிட்டுப் போனதை.

எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது.
பத்திரிகையில் வெட்டிய எழுத்துகள்
ஒன்று பெரிசும் ஒன்று சிறிசுமாய்,
ஆள்கடத்தியவன் கடிதம் மாதிரி.
கண் இருக்கவேண்டிய இடத்தில் சோடா மூடி.
நுழைவு எழுபத்தைந்து பென்ஸ்.
'பற்கள் விற்பனைக்கு' என்று ஒரு குழுவின் பெயர்.
ரோடெல் சிரிக்கவில்லை.
வெள்ளி இரவுகளில் பர்துபாய் ஹோட்டலொன்றில்
பேஸ் வாசிப்பவன் அவன்.
"இவங்களுக்கு மூணு கார்டுதான் தெரியும்" என்றான்.
கொஞ்சம் கழித்து, "மூணு போதும்."

கண்ணாடிப் பேழைக்குள் ஒரு தோல்சட்டை.
எண்ணி எழுதச் சொன்னார்கள்:
இருநூற்றுப் பதினாறு ஊக்குகள்.
கலகத்தின் அடையாளம் என்கிறது சுவர்க்குறிப்பு.
செல்லக்கிளி அக்கா வளையலில்
எப்போதும் நாலு கிடக்கும்.
மூன்று, புடவைக்கு.
ஒன்று, டவுன்பஸ்ஸில் இடிப்பவனுக்கு.
குறிப்பு எழுதியவர் அக்காவைப் பார்த்ததில்லை.

தரையிலிருந்து நூற்றைம்பத்திரண்டு சென்டிமீட்டர்
படத்தின் நடு. அதுதான் பார்ப்பவர் கண்மட்டமாம்.
என் கண் நூற்று நாற்பத்தெட்டில் இருக்கிறது.
ரசமட்டத்துக் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை
கத்திக்கொண்டிருந்தவர்களை நேராக்குகிறோம்.

சொந்தக்காரி ரோவினா வந்தாள்.
எழுபது வயது, ஊதா முடி.
எண்ணெய்க் கம்பெனி வரைபடக் குழாய்க்குள்
எல்லாவற்றையும் சுருட்டி
எண்பத்திரண்டில் இங்கே இறங்கியவள்.
பழுப்புக் கறையொன்றை நான் நெருங்கியதும்
"துடைக்காதே, அது நான் சிந்திய பியர்" என்றாள்.

இருபத்தேழாம் பெட்டியின் அடியில்
கைப்பட எழுதிய தாள் ஒன்று:
'ட்ரம்மர் தேவை. திறமை அவசியமில்லை.
வண்டி இருந்தால் நல்லது.'
கீழ் விளிம்பில் வால்வாலாய் நறுக்கி
ஒரே தொலைபேசி எண் ஒன்பது தடவை.
இரண்டு வால்களைக் காணோம்.

இந்தத் தாளை எனக்குத் தெரியும்.
நைஃப் பேருந்து நிறுத்தக் கம்பத்தில்
'பெட் ஸ்பேஸ். மேல்கட்டில். தமிழ் பேச்சிலர் மட்டும்.
வைஃபை உண்டு. சமையல் முறைவைத்து.'
அதே நறுக்கல், அதே வால்கள்
ஈரக்காற்றில் செவுள்போல் துடித்துக்கொண்டு.
ஒன்றைக் கிழித்துத்தான் எனக்குப் படுக்க இடம்.
ஒட்டிய பெரியநாயகம் மாநகராட்சியிடம் மாட்டி
அபராதம் கட்டினார், இரண்டு மாத வாடகை.
சுரண்டி எடுக்க ஒரு ஆள் வந்தான், தகடும் வாளியுமாய்.
அவன் கையிலும் கையுறைதான்.
ரப்பர்.

ரோவினாவிடம் கேட்டேன், யார் வந்தார்கள் என்று.
ஒருவன் வந்தான்,
இரண்டு மாதம் அடித்தான், வண்டியை விற்றான், போனான்.
இன்னொன்று?
"பல் குத்த எடுத்திருப்பான்."

ஆறரைக்குப் படிவம் நிரப்பினேன்.
மடிப்பு: நடுவில் ஒன்று.
கறை: தேநீர், இடது மேல்மூலை.
துரு: ஊசித்தடம் நான்கு.
கிழிசல் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
கேம்ப் வண்டி ஏழு மணிக்கு,
ரோடெல் வாசலுக்கும் எனக்குமாய் நடக்கிறான்.
எழுதினேன்:
கிழிசல் இல்லை.
இரண்டு எண்கள் போய்ச் சேர்ந்தன, ஏழு மீதம்.

மறுநாள் சிவப்பு மையில் திரும்பி வந்தது:
கிழிசல், இரண்டு.
காப்பீட்டுக்காரர்களுக்கு அப்படித்தான் வேண்டுமாம்.
சரியென்று கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாளை மட்டும்
நாலு சென்டிமீட்டர் இறக்கி மாட்டியிருக்கிறேன்.
குமிழி நடுவில்தான் நிற்கிறது.
திறப்பு விழாவும் முடிந்துவிட்டது.
இன்னும் யாரும் கவனிக்கவில்லை.