ஐம்பதில் ஒரு பங்கு ஈரம்

மணல் சரிப்படாது.
ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவில்
ஒரு துகளே படிக்கட்டில் காலை இடறும் கல்.
முகப் பவுடரை வெள்ளைப் பெயிண்டில் குழைத்து
தேய்ந்த டூத் பிரஷ்ஷால் ஒற்றினேன்.
காய்ந்தபோது அது சுண்ணாம்புச் சுவர்.
வடாலாவில், மாவு மில்லுக்கு மேலே, எங்கள் பட்டறை.
இரண்டு நாள் அங்கே மல்லிகைப் பவுடர் வாசம்.

கிர்காவில் இடித்தாகிவிட்ட சால் அது.
நான்கு மாடி, எழுபத்திரண்டு அறை, ஒரே மாடிப்படி.
அதே இடத்தில் எழும்பிய முப்பத்தெட்டு மாடிக்குக் கீழே
லாபியில், கண்ணாடிப் பெட்டிக்குள்
பழையது நிற்க வேண்டுமாம்.
குடியிருந்தவர்களின் கமிட்டி போட்ட நிபந்தனை.

படம் கேட்டேன்.
கட்டடத்தை யாரும் படமெடுத்து வைத்திருக்கவில்லை.
பூணூல் கல்யாணம், பிறந்தநாள்,
மாலை போட்ட புது ஸ்கூட்டர்.
கேக் வெட்டுகிற கைகளை விரலால் மறைத்துவிட்டு
பின்னாலிருந்த சுவரைப் பார்த்தேன்.
ஒரு மணப்பெண்ணின் தோளுக்கு மேலே காரை பெயர்ந்த இடம்,
அதைப் பூதக்கண்ணாடி வைத்து வரைந்துகொண்டேன்.
அவள் முகம் எப்படியென்று கேட்டால்
எனக்குச் சொல்லத் தெரியாது.

அடியில் பச்சை. ஈரம் போவதற்குள்
சமையல் உப்பைத் தூவ வேண்டும்,
கோலப்பொடி மாதிரி இல்லை,
கோபத்தில் குழம்பில் போடுவது மாதிரி.
மேலே மஞ்சள். காய்ந்ததும் கட்டைவிரலால் தேய்த்தால்
உப்போடு மஞ்சளும் உதிர்ந்து
பழைய பச்சை பல்லைக் காட்டும்.
மை தீர்ந்த பேனாவால் செங்கல் கீறினேன்.
குழாய்க்கடியில் மூன்று சொட்டு டிக்காஷன்,
சுவரை நிமிர்த்தி, வழியவிட்டு,
பாதியில் ஊதி நிறுத்தினேன்.
போதும், இனிமேல் கொசு வந்துவிடும் என்றான் சாவந்த்.

(என் வீட்டில், தொண்ணூறு அடி ரோட்டில்,
இதே கறையை மறைக்க
தீபாவளிக்குத் தீபாவளி மூவாயிரம் ரூபாய்.)

ஜூன் கடைசியில் கமிட்டி வந்தது.
நாக்வேகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.
மூன்றாம் மாடி, பரப் வீட்டு வெளிச்சுவர்.
"இங்கே கறையே கிடையாது" என்றார் பரப்.
"இருந்தது. உங்கள் மோரித் தண்ணீர்தான்
எங்கள் சாமி அலமாரிக்கு மேலே சொட்டியது."
"அது நாலாவது மாடித் தண்ணீர்."
"பதினோரு வருஷம் சொட்டியது!"
இடிந்து நாலு வருஷமான சுவருக்காக
கீழே மாவு மில்லை நிறுத்திவிட்டு
மேலே எட்டிப் பார்த்தார்கள்.
முழங்கை நீளம்கூட இல்லை அந்தக் கட்டடம்.

பரப்தான் பொருளாளர்.
கறையை எடுத்துவிடு என்றான் சாவந்த்.
மஞ்சள் இரண்டு கோட் அடித்தேன்,
முதலாவது காய்வதற்குள் இரண்டாவது.

பிறகு மழை. ஒன்பது நாள் விடவில்லை.
பத்தாம் நாள் பிளாஸ்டிக் உறையைத் தூக்கினால்
மூன்றாம் மாடியில், அதே இடத்தில்,
நான் வைக்காத ஒன்று படர்ந்திருந்தது.
சாம்பல். ஓரத்தில் கறுப்பு. நடுவில் லேசாக ரோமம்.
பூஞ்சணம்,
ஐம்பதில் ஒன்றாகச் சுருக்கியது இல்லை,
முழு அளவு.
எந்த பிரஷ்ஷாலும் எனக்கு அப்படி ஒரு ஓரம் வந்ததில்லை.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு கையில் இருந்தது,
நின்றபடியே காய்ந்தும் போயிற்று.
படமெடுத்துக் கமிட்டிக்கு அனுப்பினேன்:
மழையால் வந்தது, நாளை துடைத்துவிடுகிறேன்.

இரவு பத்தரைக்கு உஜ்வலா பரப்,
குரல் செய்தி.
பின்னால் டிவி சத்தமாக ஓடுகிறது,
அவருக்குக் கேட்காமல் பேசுகிறாள்:
"துடைக்காதே.
பிள்ளைகள் அதை வாத்து என்பார்கள்.
ஆனால் மூக்கு
நீ வைத்த பக்கம் இல்லை.
மாடிப்படியைப் பார்த்து இருக்கும்."