விசேட துறை: ரஷ்யா

மாசியில் ஒரு ஞாயிறு
வானொலியிலிருந்து எடுத்தார்கள்.
"மிஸ், சண்டை வருமா?"
வராது என்றேன்.
காரணம் மூன்று சொன்னேன்,
மூன்றும் அடிக்குறிப்புப் போடக்கூடியவை.
வியாழன் விடிய வந்தது.

ஆனியில் வந்தாறுமூலை பெற்றோல் செட்டில்
வரிசை வளைந்து வளைந்து ஒழுங்கைக்குள் போனது.
எனக்குப் பின்னால் உழவு மெஷினோடு
ஓட்டமாவடி மீராசாகிபு:
"உங்கட ஆக்கள் அடிபடுறாங்க,
எங்களுக்கு ஏன் மிஸ் டீசல் இல்ல?"
அதற்கும் என்னிடம் விரிவுரை இருந்தது.
சொல்லவில்லை.
அன்று கானில் எதுவும் நிரம்பவில்லை.
'உங்கட ஆக்கள்' என்ற இரண்டு சொல்லைத்தான்
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பதினேழு வருஷம்
வொல்காக் கரையில் ஒரேயொரு மாகாணம்.
அதன் ஆளுநர்களை ஆய்ந்தேன்:
யார் தேர்தலில் வந்தார், யாரை நியமித்தார்கள்,
யார் ஒரு கடிதத்தோடு வீட்டுக்குப் போனார்.
வெண்பலகையில்
'மையம் அனுப்பும் ஆளுநர், கூடாத சபை'
என்று எழுதிய காலை
பின்வரிசையில் ஒருவன் சிரித்தான்.
நான் திரும்பவில்லை.
எந்த மாகாணம் என்று அவனும் கேட்கவில்லை.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்.
மொஸ்கோவில் முதல் வகுப்பு, வெளியே பனி.
'நான் மாணவி' என்று சொல்லச் சொன்னார்கள்.
யா ஸ்துதென்த்கா.
இரண்டே சொல், நடுவில் ஒன்றுமில்லை.
பக்கத்துக் கதிரையில் பெரு நாட்டுக்காரி
அந்த இடைவெளியில் எதையாவது வைக்கத் தவித்தாள்.
எனக்குத் தாண்ட எதுவும் இருக்கவில்லை.
'என்னிடம் புத்தகம் உண்டு' என்பதையும்
நம்மைப் போலவே 'என்னிடம்' என்றுதான் தொடங்கினார்கள்,
உடைமையெல்லாம்
சற்றுநேரம் பக்கத்தில் நிற்பதுதான் என்பதுபோல.
பிறகு ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதினேன்.
வசனத்துக்கு வசனம் ஒரு 'இஸ்'
நடுவழியில் நின்று
அடையாள அட்டை கேட்டது.

மறுவருஷம் வைகாசி, இரவு பதினொன்று.
வாழைச்சேனை ஆஸ்பத்திரியிலிருந்து தாதி ஜெனிற்றா:
"பாசிக்குடா ரோட்டில மோட்டச்சைக்கிளோட விழுந்து
ஒரு வெள்ளைக்காரப் பொடியன்.
இங்கிலிஸும் சரியா வருகுதில்ல.
நீங்கதானே அந்தப் பாஷை?"

அர்த்யோம். இருபத்திமூன்று வயது.
முழங்கையில் தாரும் மணலும்.
ஊரைக் கேட்டேன்.
என் ஆறாம் அத்தியாயத்தின் ஊர்.
அவன் பிறந்த வருஷம் அங்கே
எத்தனை வீதம் வாக்களித்தார்கள் என்பது
தசமத்தோடு எனக்குப் பாடம்.
எங்கே நோகிறது என்ற கேள்விதான் வரவில்லை.
இறைமை வந்தது. சட்டபூர்வத்தன்மை வந்தது.
அதிகாரத்தின் செங்குத்துக் கோடு வந்தது.
டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
அவனே என் கையைப் பிடித்து
தன் விலாவில் வைத்தான்.
உ மென்யா, என்றான்.
'என்னிடம் நோகிறது' என்பதுதான் அவர்கள் பேச்சு.
நோவும் பக்கத்தில் நிற்பதுதான்.

எக்ஸ்ரேக்குக் காத்திருந்தபோது சொன்னான்:
போன புரட்டாதியில் கடிதம் வந்ததாம்.
அது வீட்டுப் படலைக்கு வந்த அன்றே
அம்மா பயணச்சீட்டு எடுத்தாளாம்.
பனிக்காலத்துச் சப்பாத்தோடு வந்திறங்கினானாம்.
விசா இன்னும் ஒன்பது நாள்.
பிறகு, நீங்கள் என்ன வேலை என்றான்.
உங்கள் நாடு, என்றேன்.
சிரித்தான், விலாவைப் பொத்திக்கொண்டு.
சிரிப்பு ஓய்ந்த பின் கேட்டான்:
"முடியுமா இது?"
மூன்று காரணம்
நாக்கு நுனிவரை வந்து நின்றன.
தெரியாது என்றேன்,
அவன் மொழியில், இலக்கணப் பிழை இல்லாமல்.

படிவத்தோடு ஜெனிற்றா வந்தாள்.
பெயர், கடவுச்சீட்டு இலக்கம், விழுந்த இடம்.
"மறுகா, நோயாளிக்கு உறவு எண்ட இடத்தில
என்ன போட மிஸ்?"
நான் யோசிக்க,
அவளே எழுதிவிட்டாள்:
தெரிந்தவர்.

கீழே ஒப்பமிடப் போனேன்.
என் பேனை எழுதவில்லை.
அவளுடையதை வாங்கினேன்.