சேதாரம்

மனாமா தங்கச் சந்தையில், மூன்றாம் மாடிப் பட்டறையில்,
கை கழுவுவதும் ஒரு கணக்கு.
நீலத் தொட்டியில் தண்ணீர் விழும், தெளியும்.
அடியில் படிந்தது தராசுக்குப் போகும்,
பாய் சுரண்டிய தூசும்
உடுப்பை உதறிய தூசும் கூடவே.
பதினொரு வருடத்தில் என் நகம்
தனக்கென்று அழுக்கு வைத்துக்கொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை முஹர்ரக்கில் ஒரு வேலை என்றார்கள்.
சுவடிக் காப்பகம்.
வெளியே ஆகஸ்ட், கடல் ஆவியாய்த் தெருவில் நின்றது.
உள்ளே ஈரத்துக்கே ஒரு முள், ஒரு கோடு,
கோட்டைத் தாண்டினால் மணி அடிக்கும்.

"தங்கத் தாளை அரைக்க வருமா?" என்றாள் மர்ஸியா.
அடிக்க வரும். உருக்க வரும்.
மயிரிழையாய் இழுக்க வரும்.
அரைக்க?

பீங்கான் தட்டில் ஒரு சொட்டுத் தேன்.
அதில் இருபது தாள், ஒவ்வொன்றாய்.
ஒற்றை விரலால் இரண்டு மணி நேரம்
வட்டம், வட்டம்.
முதலில் மினுக்கம் போனது.
பிறகு பொன் என்ற பேரும் போய்
பழுப்புச் சேறாய் உட்கார்ந்தது.
வெந்நீர் விட்டுத் தேனைக் கழற்றி
கருவேலம் பிசின் இரண்டு துளி.

மற்றதெல்லாம் நாட்டுமருந்துக் கடைச் சரக்கு.
மைப்புட்டியில் மாசிக்காயும் அன்னபேதியும்:
ஒன்று என் மகளுக்கு உரைத்துப் புகட்டியது,
ஒன்று என் மனைவியின் சோகைக்கு வாங்கியது.
தாளுக்குப் படிகாரமும் முட்டை வெள்ளையும்.
சிவப்புக்குச் சாதிலிங்கம்.
மஞ்சளுக்கு அரிதாரம்;
தூரிகையை நாக்கில் வைத்துவிடாதே என்றாள்.

பழசைத் தொடுவதில்லையாம்,
பக்கத்தில் வைக்க ஒரு மாதிரிதானாம் இது.
பழசைக் கண்ணாடிக்கடியில் காட்டினாள்.
ஐந்நூறு வருடம்.
கொடி இருந்தது. பொன்பூ நேற்றுப் பூத்ததுபோல் இருந்தது.
இலைகள் இல்லை.
இலை வடிவத்தில் ஓட்டைகள்.
செம்புக் களிம்பில் எடுத்த பச்சை
தாளைத் தின்றுவிட்டுப் போயிருந்தது.

எதிர்ப்பக்கத்தில் அதே கை, அதே பச்சை,
ஓர் இலைகூட உதிரவில்லை.
"குங்குமப்பூ," என்றாள்.
"அங்கே கலந்திருக்கிறான், களிம்பு கடிக்கவில்லை.
இங்கே மறந்துவிட்டான் போல."

மறந்திருக்க மாட்டான் அம்மா.
குங்குமப்பூ டப்பாவின் சாவி
வேறொருவன் இடுப்பில் தொங்கியிருக்கும்.
அந்த வாரம் நிறுத்துக் கொடுத்தது
ஒரு பக்கத்துக்குத்தான் கண்டிருக்கும்.
என் அரபியில் சாவிக்குச் சொல் உண்டு,
இடுப்புக்கு இல்லை.
தலையாட்டிவிட்டு
காய்ந்த சேற்றின்மேல் அகேட் கல்லை வைத்துத் தேய்த்தேன்.
நாலாவது தேய்ப்பில் கண் திறந்தது பொன்.

கை கழுவத் தொட்டி எங்கே என்றேன்.
குழாயைக் காட்டினாள்.
குழாய்க்குக் கீழே ஓட்டை,
ஓட்டைக்குக் கீழே முஹர்ரக்கின் சாக்கடை.
கை நீளவில்லை.
சும்மா துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை இரவு நீலத் தொட்டி தெளிந்தது.
தராசு, கொடுத்ததைவிட
நாலு மில்லிகிராம் கூடக் காட்டியது.
அரை மில்லி குறைந்தால்
சட்டைப்பையைத் திருப்பிக் காட்டச் சொல்கிறவர்
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
மறுபடி ஒருமுறை நிறுத்தார்.
யாரையும் பார்க்கவில்லை.
'சரி' என்று எழுதிப்
பேரேட்டை மூடினார்.