ஆறைத் தலைகீழாக்கினால் ஒன்பது

ஒன்பது மணிச் செய்தியில் சொல்லிவிட்டார்கள்:
நள்ளிரவு தொடக்கம் பெற்றோல் நாலு ரூபா குறையும்,
டீசல் ஒன்பது ரூபா கூடும்.

அதற்குப் பிறகு கொடிகாமம் பெற்றோல் செற்
இரண்டாகப் பிளந்தது.
டீசல் பம்பிலிருந்து சந்தைத் திருப்பம் வரைக்கும்
லொறியும் லாண்ட்மாஸ்டரும் கலனோடு வந்த ஆட்களும்.
பெற்றோல் பம்படியில்
ஒரு நாயும் நானும்.
மோட்டார்சைக்கிள்காரர்கள் எல்லாம்
நாலு ரூபாவுக்காக
வீட்டில் நித்திரை முழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

குருநகர் மீன் லொறி எமிலியானுஸ்
தலையை வெளியே நீட்டிக் கேட்டார்:
"ரெண்டும் ஒரே கிணத்து எண்ணெய்தானே பிள்ளை,
ஒண்டு இறங்கேக்க மற்றது ஏன் ஏறுது?"

ஒரே கிணறுதான் அண்ணை, ஒரே பீப்பாய்தான்.
காய்ச்சினால் இலேசானது மேலே போய்ப் பெற்றோலாகும்,
கனத்தது நடுவில் தங்கி டீசலாகும்.
ஈரலுக்குக் கிராக்கி என்பதற்காக
ஆட்டுக்கு இரண்டு ஈரல் முளைக்குமா?
இருக்கிற ஈரலின் விலைதான் ஏறும்;
எலும்பைக் கழித்துக் கொடுப்பார்கள்.

"அப்ப நாங்கள் ஈரலோ?" என்று சிரித்தார்.
சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது,
மீற்றர் ஓடுவதைப் பார்த்தபடி.

விலை கூடினால் தர்மிளா ரீச்சர்
ஸ்கூட்டியைப் போர்த்து மூடிவிட்டு
பஸ்ஸில் போவா.
ஐஸ் உருக உருக
எமிலியானுஸ் எந்தப் பஸ்ஸில் மீனை ஏற்றுவார்?
வெங்காயத்துக்கு இறைக்கிற பம்ப்,
ஆஸ்பத்திரி ஜெனரேற்றர், நெல்லு வெட்டுகிற மெஷின்,
இவை ஒன்றுக்கும்
"இந்தக் கிழமை வேண்டாம்" என்று சொல்லத் தெரியாது.

இன்னொன்று இருந்தது.
அதை அவருக்குச் சொல்லவில்லை.

டோர்ட்முண்டில் என் அக்காவின் வீட்டு நிலவறையில்
ஒரு தாங்கி இருக்கிறது.
குளிர் தொடங்க முன்னர் பவுசர் வந்து நிரப்பிவிட்டுப் போகும்.
வீடு சூடாக்கும் எண்ணெய்;
பெயர்தான் வேறு, டீசலின் கூடப்பிறப்பு.
போன கிழமை படம் அனுப்பியிருந்தாள்:
கண்ணாடிக்கு வெளியே முழங்கால் மட்டும் பனி,
உள்ளே அரைக்கைச் சட்டையோடு மருமகன்.
அப்படி எத்தனை நிலவறைகள்!
எங்களுடைய லொறிகள்
அந்தச் சுவர்களுக்குள்ளேதான் இரவிரவாக ஓடுகின்றன.
சொல்லியிருந்தால் எமிலியானுஸ்
அக்காவின் விலாசம் கேட்டிருப்பார்.

பன்னிரண்டு.
ஏணியை நானே பிடித்து நானே ஏறினேன்.
பெற்றோல், முந்நூற்று மூன்றைக் கழற்றி
இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.
டீசல், இருநூற்று எண்பதைக் கழற்றி
இருநூற்று எண்பத்து...
பெட்டியில் ஒன்பது இரண்டே இரண்டு.
இரண்டும் பெற்றோலுக்குப் போய்விட்டன.
ஒரு ஆறை எடுத்துத் தலைகீழாக்கினேன்.
கொழுவுகிற ஓட்டை அடிப்பக்கம் வந்துவிட்டதால்
கம்பியால் கட்டினேன்.

இறங்கி வருவதற்குள் வரிசை இடம் மாறிவிட்டது.
டீசல் பக்கம் எண்ணெய்க் கறையும் ஒரு தனிச் செருப்பும்.
இந்தப் பக்கம் ஹோர்ன், ஹெல்மெற், சிரிப்பு.
முதல் பொடியன் ஐந்நூறு ரூபா நீட்டினான்:
"குறைஞ்சிட்டுதெல்லோ அக்கா!"
ஓமோம்.
ஐந்நூறுக்கு இருபத்திரண்டு மில்லிலீற்றர் கூட.
பாணி மருந்து மூடியால் இரண்டு மூடி.

அந்த ஒன்பது ரூபா
பலகையில் தொங்கிக்கொண்டு நிற்காது தம்பி.
விடியச் சாவகச்சேரிச் சந்தைக்குள் நுழைந்து
சூடை மீனின் வாலைப் பிடித்துக்கொண்டு
உன் அம்மாவின் கூடைக்குள் ஏறும்.
நீ பெற்றோலில் மிச்சம் பிடித்ததை
சோற்றோடு பிசைந்து திருப்பிக் கொடுப்பாய்.
இதையும் சொல்லவில்லை.
பின்னால் பதினேழு சைக்கிள் நிற்கிறது.

ஒரு மணியாகும்போது அக்காவின் குரல் வந்தது போனில்:
"ஹீற்றரைக் குறைச்சுப்போட்டன்ரி,
இருக்கேலாமல் வேர்க்குது."

நான் சேட்டுக்கு மேல் துவாயைப் போர்த்திக்கொண்டு
பலகையை அண்ணாந்து பார்த்தேன்.
கம்பியைச் சரியாக இறுக்கவில்லைப் போலும்;
வாடைக்காற்று அடிக்கும்போதெல்லாம்
அந்த ஒன்பது
ஆறாகத் திரும்பப் பார்க்கிறது.