பாதி விலை டப்பா

நோல்பெர்தோவின் இரும்புக் கடையில்
யாருக்கோ கலந்து, யாரோ வேண்டாமென்று
திருப்பிக் கொடுத்த நாலு லிட்டர்.
உள்ளே என்ன நிறம் என்று தெரிய
மூடிமேல் ஒரு சொட்டு விட்டிருந்தான்.
பச்சையா என்றேன். சாம்பல் என்றான்.
பாதி விலை என்பதில் மட்டும்
எங்களுக்குள் சண்டையில்லை.

அதுவரை என் வீட்டில் எல்லாமே ஆரஞ்சு.
படகுக்கு வாங்குவதில் வருஷா வருஷம் கொஞ்சம் மிஞ்சும்.
மிச்சத்துக்கு முக்காலி. மிச்சத்துக்கு ஜன்னல் சட்டம்.
விறகுப் பெட்டி, ரொட்டிப் பெட்டி,
மகள் பிறந்த வருஷம் தொட்டில்.
ஏன் இந்த நிறம் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன்.
கவிழ்ந்தால் மேட்டிலிருந்தே தெரியும் என்றான் ரொசாமெல்,
சாப்பாட்டு நடுவே உப்புக் கேட்கிற குரலில்.

பத்தொன்பது வருஷம்
தேடிக் கண்டெடுக்க வேண்டிய பொருள்களுக்கு நடுவே உட்கார்ந்து
உருளைக்கிழங்கு உரித்திருக்கிறேன்.

மார்ச்சில் படகை விற்றான்.
இப்போது சால்மன் கூண்டுகளில் வேலை,
பதினான்கு நாள் அங்கே, பதினான்கு நாள் இங்கே.
உயிர்காப்பு அங்கி கம்பெனி கொடுத்தது.
அதுவும் ஆரஞ்சுதான், ஆனால்
கழற்றி அங்கேயே மாட்டிவிட்டு வர வேண்டும்.

அவன் இல்லாத பதினான்கில் ஆரம்பித்தேன்.
முதலில் பாத்திர அலமாரி.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.
இந்த ஊரில் உப்பு தேய்க்காத மரம் எது?
ஆரஞ்சுக்குக் கீழே இன்னோர் ஆரஞ்சு,
அதற்குக் கீழே வெளுத்துப்போன ஓர் ஆரஞ்சு,
அதற்கும் கீழே, நகக்கண் அளவுக்கு,
என் மாமியாரின் நீலம்.
அதோடு நிறுத்திக்கொண்டேன்.

நான்கு மணி நேரத்தில் காயும் என்று
டப்பாவில் அச்சடித்திருந்தது.
அச்சடித்தவன் ஜூலையில் கெம்ச்சிக்கு வந்ததில்லை.
மூன்று நாள் மழை. மூன்று நாளும் அலமாரி
காய்ச்சல்காரன் நெற்றிபோலப் பிசுபிசுத்தது.
பூனை உரசிவிட்டுப் போனது.
இடது கதவின் கீழே இன்றைக்கும்
லேசாக மயிர் முளைத்திருக்கிறது.

காய்ந்தபின் பார்த்தால்
விரிகுடாமேல் நிற்கும் மூடுபனி எந்த நிறமோ
அந்த நிறம்.
விடியற்காலையில் அலமாரி இல்லை,
தட்டுகள் மட்டும் சுவரோரம் மிதந்தன.
எனக்குப் பிடித்திருந்தது.
யாரையும் கூப்பிடாத ஒரு பொருள் வீட்டுக்குள்.
கை அடங்கவில்லை. நாற்காலிகளையும் பூசினேன்.

பதினைந்தாம் நாள் வந்தான். நிலையருகே நின்றான்.
யாராவது செத்துவிட்டார்களா என்றான்.
அப்புறம் உட்கார்ந்தான்,
நான்கில் ஈரம் காயாத ஒரே நாற்காலியாகப் பார்த்து.
சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்றிரவு காற்றில் எங்கோ கம்பி அறுந்து கரண்ட் போனது.
மெழுகுவர்த்தி அலமாரியின் இரண்டாம் இழுப்பறையில்.
இழுக்க வரவில்லை.
சந்தையும் சேர்த்துப் பூசி அடைத்திருக்கிறேன்.
என் கையை விலக்கிவிட்டு அவன் தடவினான்.
மரம் எங்கே முடிகிறது, பெட்டி எங்கே தொடங்குகிறது,
அந்த இருட்டில் அவனுக்கும் பிடிபடவில்லை.
மீன் கத்தி எங்கே என்றான்.

நாலு மாதமாக யாரும் கேட்காத கத்தி.
செவுளுக்கடியில் நுழைக்கிற மாதிரி நுனியை வைத்து
நான்கு பக்கமும் ஓட்டினான்,
ஒரே மூச்சில், ஒரு கீறல் விழாமல்.

மெழுகு ஏற்றினோம்.
இழுப்பறையைச் சுற்றி நூல் அகலத்துக்கு ஆரஞ்சு.
அதையே பார்த்துக்கொண்டிருந்தான், பின்பக்கமெல்லாம் மூடுபனியோடு.
இந்தப் பச்சை, என்று ஆரம்பித்தான்.
சாம்பல் என்றேன்.

டப்பாவில் இன்னும் கால்வாசி மிச்சம்.
அதற்கு என்ன கிடைக்கும் என்று
மெழுகைத் தூக்கிப் பிடித்து
வீட்டைச் சுற்றிப் பார்த்தோம், இரண்டு பேரும்.