அத்தியாவசியமானவள்

இருபத்தொன்பதாம் நாள்.
விடிய இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது.
பலூனுக்கு வாயு நிரப்புகிறேன்.
வெளியே மைனஸ் பதினெட்டு.
மொன்டானாவின் இந்த வடகிழக்கு மூலையில்
காற்றுக்குக் கட்சி கிடையாது,
எல்லாப் பக்கமிருந்தும் அடிக்கிறது.

வாஷிங்டனிலிருந்து வந்த கடிதம் சொன்னது
நான் அத்தியாவசியமானவள் என்று.
ஆகையால் வேலைக்கு வர வேண்டும்.
ஆகையால் சம்பளம் கிடையாது.
இரண்டு ஆகையால்களுக்கும் நடுவே
ஏதோ ஒரு வாக்கியம் விழுந்துபோயிருக்கிறது.
உறையைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கூடப் பார்த்தேன்.

அத்தியாவசியமில்லாத ரோலண்ட் வீட்டிலிருக்கிறான்.
அவனுக்கும் சம்பளம் இல்லை.
ஆனால் தூக்கம் உண்டு.

நேற்றிரவு பதினான்காம் வாக்கெடுப்பு.
கீழவையில் இருநூற்றுப் பதினேழுக்கு
இருநூற்றுப் பதினைந்து.
மேலவையில் அறுபது வேண்டும்,
ஐம்பத்திரண்டில் நின்றது.
யானைச் சின்னத்துக்காரர் ஒருவர் பசி என்றார்.
எதிர்வரிசை சோளப்பொரியை நீட்டியது.
ஓராண்டு பட்ஜெட் என்று தொடங்கியது
ஆறு மாதமாகி, ஏழு வாரமாகி,
இப்போது பத்து நாளுக்குப் பேரம் நடக்கிறது.
கழுதை தேய்ந்து கட்டெறும்பாவதை
யானை நின்று வேடிக்கை பார்க்கிறது.
அடுத்த முறை யானை தேயும்,
கழுதை பார்க்கும்.
இருபத்திரண்டு வருட சர்வீஸில்
இரண்டையும் பார்த்துவிட்டேன்.

கொட்டகைக் கதவைத் திறந்து
பலூனை விட்டேன்.
கைக்குள் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு
மேலே போனது.

இதே நேரத்தில்
ஓஸ்லோவிலோ, உலான்பாதரிலோ,
எனக்குப் பெயர் தெரியாத ஏதோ தீவிலோ
யாரோ ஒருத்தி இதே கயிற்றை விடுகிறாள்.
வானத்தை ஒரே நேரத்தில் அளக்க வேண்டும் என்று
எப்போதோ பேசி முடித்தார்கள்.
அதற்கும் சண்டை நடந்திருக்கும்.
முடித்தார்கள், அவ்வளவுதான்.

மகன் பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கிறான்.
மாதம் நூற்று நாற்பது டாலர்.
மருத்துவமனைப் பெண்ணிடம் சொன்னேன்,
நான் மத்திய அரசு ஊழியை என்று.
முன்பெல்லாம் அந்தச் சொல்லுக்குக் கடன் கிடைக்கும்.
அவள் தலையைச் சாய்த்து
"ஐயோ பாவம்" என்றாள்.

பத்து மணிக்கு டுவெய்ன் ஸ்கார் வந்தார்.
மேய்ச்சல் நிலத்தில் விழுந்துகிடந்த
பழைய கருவிப்பெட்டியைக் கொண்டுவந்தார்.
கிழிந்த பாராசூட்டை ஒழுங்காக மடித்திருந்தார்.
அவர் வண்டியின் பின்னால் அவருடைய கட்சி ஒட்டியிருக்கிறது.
என் வண்டியில் ஒன்றும் ஒட்டுவதில்லை,
ஆனாலும் அவருக்குத் தெரியும்.

"உங்க ஆளுங்கதான் முரண்டு பிடிக்கிறாங்க."
"உங்க ஆளுங்கதான்."
இரண்டு பேரும் காபி குடித்தோம்.
"சம்பளம் இல்லாம எதுக்கு இங்க நிக்கிறே?"
பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே
அடுத்த கேள்வி வந்துவிட்டது.
"வியாழக்கிழமை எப்படி இருக்கும்?
நாற்பது பசு ஈனப்போகுது."

திரையைத் திருப்பிக் காட்டினேன்.
கனடாவிலிருந்து இறங்கும் நீலத்தை
வெகுநேரம் பார்த்தார்.
"சரி, புதன்கிழமையே உள்ளே ஓட்டிடணும்" என்றார்.
நன்றி சொல்லவில்லை.
வாசலில் தொப்பியை மட்டும் தொட்டார்.

உயரம் போகப் போக
வெளியழுத்தம் குறையும், பலூன் ஊதும்.
புறப்படும்போது ஆளுயரம்,
உச்சியில் வீட்டளவு.
பிறகு தன் பருமனாலேயே வெடிக்கும்.
இங்கே நான் இயற்பியலைத்தான் சொல்கிறேன்.

பதிவேட்டைத் திறந்தேன்.
உயரம்: முப்பத்தோராயிரத்து நானூறு மீட்டர்.
தரவு: முழுமை.
நிதிக் குறியீடு:
போன வருடத்து எண்ணைக் கணினி ஏற்கவில்லை.
இந்த வருடத்து எண் இன்னும் பிறக்கவில்லை.
காலியாக விட்டாலும் ஏற்கவில்லை.
ஒரு சின்னக் கோடு போட்டேன்.

ஏற்றுக்கொண்டது.
மாலை நாலு மணிக்கு அடுத்த பலூன்.